ஆய்வேட்டில் ஃபேஸ்புக், ட்விட்டர் பதிவுகளைச் சான்று காட்டுவது எப்படி?

கேள்வி: 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைப் பற்றித் தமிழில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். ஃபேஸ்புக் பதிவுகள், ட்வீட்கள், யூட்யூப் வீடியோக்கள், சில வாட்ஸ்அப் செய்திகள் என்று நிறையச் சேர்த்திருக்கிறேன். துணைநூற்பட்டியலில் லிங்க்கை மட்டும் போட்டால் போதுமா? நெறியாளர் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் கேட்கிறார்.

பதில்:

போதாது. பதிவை எழுதியவர் அதை அழித்துவிட்டால், உங்கள் பட்டியலில் மிஞ்சுவது யார், எப்போது, என்ன சொன்னார் என்று ஒன்றும் தெரியாத ஓர் எழுத்துக் குவியல்தான். அதே சமயம், புள்ளி எங்கே வைப்பது, அடைப்புக்குறி எங்கே போடுவது என்பது இதில் சின்ன வேலை. அரை நாளில் முடித்துவிடலாம். பதிவைப் பிடித்து வைக்காமல் விட்டது, தேதி ஒரு நாள் தள்ளிப் போனது, ட்வீட் எண் சிதைந்தது ஆகியவற்றைத்தான் ஆய்வேடு முடியும் தறுவாயில் சரிசெய்யவே முடியாது. அதனால் வடிவத்தைப் பிறகு வைத்துக்கொண்டு, முன்னால் செய்ய வேண்டியதை முன்னால் சொல்கிறேன்.

கையில் இருக்கும் ஒவ்வொரு பதிவையும் எடுத்து, இது எனக்குச் சான்றா, தரவா, வெறும் கைகாட்டியா என்று கேட்டுப் பாருங்கள். 2017 ஜனவரியில் ஒரு அமைச்சரோ நடிகரோ தன் கணக்கில் வெளியிட்ட அறிக்கை சான்று. அதைத் தனியாக, முழு விவரத்தோடு பட்டியலில் காட்ட வேண்டும். மெரினாவில் நின்ற முந்நூறு பேர் போட்ட பதிவுகளை வகைப்படுத்தி ஆராய்கிறீர்கள் என்றால் அவை தரவு. முந்நூறையும் துணைநூற்பட்டியலில் அடுக்கக் கூடாது. எந்தத் தளத்தில், எந்த ஹேஷ்டேக்கை, எந்தெந்தத் தேதிகளுக்கு இடையில், எந்த நாளில் தேடினீர்கள் என்பதை ஆய்வுமுறை இயலில் எழுதினால் போதும். ஏபிஏ முறையும் ஹேஷ்டேக் தேடலுக்கு இதைத்தான் சொல்கிறது. மூன்றாவது வகைதான் ஆளைக் கவிழ்ப்பது. ஒருவர் நாளிதழ்ச் செய்தியின் படத்தைப் போட்டு நாலு வரி எழுதியிருக்கிறார்; உங்களுக்கு வேண்டியது அந்தச் செய்தி. அப்படியானால் நாளிதழைத் தேடிப் பிடித்து நாளிதழைத்தான் காட்ட வேண்டும். பதிவு உங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த கைகாட்டி, அவ்வளவே. அப்துல் கலாம் பெயரில் சுற்றும் பொன்மொழிகளில் எத்தனை அவர் சொன்னவை என்று தேடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பிரிப்பைச் செய்தாலே பட்டியலில் நிற்கப்போகும் பதிவுகள் கணிசமாகக் குறையும். மிஞ்சுகிறவற்றை அன்றே பிடித்து வையுங்கள். நாளைக்கு என்றால் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. டொனால்ட் டிரம்பின் ட்விட்டர் கணக்கு 2021 ஜனவரி 8 அன்று முடக்கப்பட்டு 2022 நவம்பரில்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட 22 மாதங்களும், அந்தக் கணக்கை நேராகச் சுட்டிய கட்டுரைகளின் இணைப்புகள் எதையும் திறக்கவில்லை. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனர்களுக்கு மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரிலேயே போயிற்று. ஒரு நாட்டின் அதிபருக்கே, ஒரு முழுத் தளத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு கல்லூரி மாணவர் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட பதிவுக்கு என்ன உத்தரவாதம்?

பிடித்து வைப்பதற்கு முதல் இடம் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின். பதிவின் முகவரியைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துத் தனி முகவரி ஒன்று தரும். பொது யூட்யூப் பக்கம், டெலிகிராம் பொதுச் சேனல், வலைப்பூ போன்றவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் லாகின் சுவர் குறுக்கே நிற்பதால், பல நேரம் பதிவுக்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கம்தான் நகலாகும். ‘சேமித்தாயிற்று’ என்ற செய்தியைப் பார்த்ததும் மூடிவிடாமல், நகலைத் திறந்து உள்ளே பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே பிரவுசரில் முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக அச்சிட்டு, முகவரிப் பட்டையும் தேதியும் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். செல்பேசி செயலியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் முகவரியே இராது. கணினி பிரவுசரில் எடுங்கள்.

இணைப்பை எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. ஃபேஸ்புக்கில் ஒருவருடைய சுவரில் நின்றுகொண்டு மேலே இருக்கும் முகவரியை நகலெடுத்தால், அது சுவரின் முகவரி. படிக்கிறவர் ஏழு வருடப் பதிவுகளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியதுதான். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் தேதியைச் சொடுக்கினால் அந்தப் பதிவுக்கு மட்டுமான பக்கம் திறக்கும். அதன் முகவரிதான் வேண்டும். தேதிக்குப் பக்கத்தில் உருண்டை உலகப் படம் இருந்தால் பொதுப் பதிவு. ஆள் உருவங்கள் இருந்தால் நண்பர்களுக்கு மட்டும். அப்படிப்பட்டதைப் பட்டியலில் சேர்ப்பதில் பொருளில்லை. ஏன் என்று வாட்ஸ்அப் பற்றிச் சொல்லும்போது வரும். தேதியின் மேல் மவுஸை வைத்தால் நேரத்தோடு முழுத் தேதி காட்டும். பதிவு திருத்தப்பட்டதா என்பதை மூன்று புள்ளி மெனுவில் திருத்த வரலாறு என்ற இடத்தில் பாருங்கள். திருத்தப்பட்டிருந்தால் நீங்கள் மேற்கோள் காட்டுவது எந்த வடிவம் என்று குறித்து வையுங்கள். போராட்டக் காலப் பதிவுகளில் இது அற்ப விஷயம் அல்ல. ஜனவரி 23 ஆம் தேதி மெரினா கடற்கரையில் காவல்துறை நடவடிக்கை நடந்த பிறகு, முந்தைய நாள் பதிவை மாற்றி எழுதினாரா என்பதே உங்கள் வாதத்தைத் திருப்பிப் போடலாம்.

ஷேர் பொத்தானை அழுத்திக் கிடைக்கும் இணைப்புகளில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒரு வால் தொங்கும். யார் பகிர்ந்தார்கள் என்று தளம் பின்தொடர்வதற்கான வால் அது. ட்விட்டரிலும் இன்ஸ்டாகிராமிலும் கேள்விக்குறியிலிருந்து வெட்டி எறியலாம். ஆனால் இதையே விதியாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டினால் யூட்யூபில் மாட்டிக்கொள்வீர்கள். பிரவுசரில் தெரியும் முழு யூட்யூப் முகவரியில் வீடியோவின் 11 எழுத்து அடையாளம் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெட்டினால் வீடியோவே போய்விடும். ஃபேஸ்புக்கின் பழைய வகை முகவரிகள் சிலவற்றிலும் பதிவு எண் அங்கேதான் நிற்கும். வெட்டிய பிறகு, லாகின் செய்யாத ஒரு தனி விண்டோவில் ஒட்டிப் பாருங்கள். உங்களுக்குத் திறக்கிறது என்பதற்காகத் தேர்வாளருக்கும் திறக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ட்வீட் முகவரியில் பயனர் பெயர், அதன் பின் ஒரு நீண்ட எண் என்று இரண்டு பகுதிகள். பதிவைக் கண்டுபிடித்துத் தருவது எண்தான். பெயர் மாறினாலும் எண் மாறாது. அமெரிக்க அதிபருக்கான அதிகாரபூர்வக் கணக்கில் பராக் ஒபாமா எழுதியவை 2017 ஜனவரி 20 ஆட்சி மாற்றத்தின்போது 44 என்ற எண் சேர்ந்த வேறொரு கணக்குக்கு நகர்த்தப்பட்டன. பழைய பயனர் பெயரில் இன்று போய்ப் பார்த்தால் இப்போதைய அதிபர் இருப்பார். முதல்வர் அலுவலகம், மாவட்ட ஆட்சியர் போன்ற பதவிக் கணக்குகளிலும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எனவே ஆசிரியர் இடத்தில் பதவியின் பெயரைப் போட்டு, அன்று அந்தப் பதவியில் இருந்தவர் யார் என்பதை உங்கள் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

அந்த எண்ணை எக்செல் தாளில் ஒட்டிச் சேமிக்கிறவர்கள் கவனிக்க: எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 821234567890123456 என்று ஒட்டினால் சத்தமே இல்லாமல் 821234567890123000 ஆகிவிடும். கடைசி மூன்று இலக்கம் போனால் அது வேறு ட்வீட்; பெரும்பாலும் இல்லாத ட்வீட். மொத்த அட்டவணையும் வீணான பிறகுதான் இது தெரியவரும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ வகையாக மாற்றிவிடுங்கள், அல்லது எண்ணை மட்டும் வைக்காமல் முழு முகவரியை வையுங்கள்.

இதே எண் உங்களுக்கு இன்னொரு உதவியும் செய்யும். 2010 நவம்பருக்குப் பிறகு ட்வீட் எண்ணுக்குள்ளேயே நேரம் பொதிந்திருக்கிறது. எண்ணை 4194304 ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 1288834974657 ஐக் கூட்டினால், 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மில்லி விநாடிகள் வரும். அதைத் தேதியாக்கித் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், மெரினா போராட்டம் நடந்த 2017 ஜனவரி 17 முதல் 23 வரையிலான ட்வீட்களின் எண்கள் 18 இலக்கத்தில் 821, 822, 823 என்றுதான் தொடங்கும். அந்த வாரத்து ட்வீட் என்று ஒருவர் தரும் இணைப்பில் எண் 9 இல் தொடங்கினால் அது பிற்பாடு எழுதப்பட்டது. ஸ்கிரீன்ஷாட்டில் தேதியை யாரும் மாற்றிவிடலாம். எண்ணை மாற்றினால் பதிவே திறக்காது.

தேதி என்றதும் சொல்ல வேண்டியது நேர வலயம். உலகின் முதல் ட்வீட்டை ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டோர்சி எழுதினார். அதன் எண் வெறும் 20. எல்லோரும் சொல்லும் தேதி 2006 மார்ச் 21. இந்தியாவில் உட்கார்ந்து அதைத் திறந்தால் மார்ச் 22 என்று காட்டும். உலகப் பொது நேரப்படி 21 ஆம் தேதி இரவு 8.50 க்கு அது வெளியானது. நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்பதால் அதிகாலை 2.20 ஆகிவிடுகிறது. தளங்கள் பார்க்கிறவருடைய நேரத்தைத்தான் காட்டுகின்றன. மெரினாவில் இரவு முழுக்க விழித்திருந்தவர்கள் நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30 க்கும் இடையில் போட்டவை எல்லாம், லண்டனில் இருக்கும் தேர்வாளருக்கு முந்தைய நாளாகத் தெரியும். வேபேக் மெஷின் முகவரியில் வரும் 14 இலக்கமும் உலகப் பொது நேரமே: 20170117203000 என்றால் ஜனவரி 17 இரவு 8.30, இந்தியாவில் அப்போது 18 ஆம் தேதி அதிகாலை 2 மணி. ‘எல்லாத் தேதிகளும் இந்திய நேரப்படி’ என்று ஆய்வுமுறை இயலில் ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்தது. இலங்கைக்கும் இதே ஐந்தரைதான்.

இனி வடிவம். நெறியாளர் கேட்பது ஏபிஏ, அதாவது 2019 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு. சமூக ஊடகத்துக்கு அதன் வரிசை இது: ஆசிரியர் பெயர், சதுர அடைப்பில் பயனர் பெயர், பிறை அடைப்பில் ஆண்டு மாதம் நாள், தலைப்பின் இடத்தில் பதிவின் முதல் 20 சொற்கள் சாய்வெழுத்தில், சதுர அடைப்பில் அது என்ன வகை என்பது, தளத்தின் பெயர், இணைப்பு. ஒரு கற்பனை ட்வீட்டை வைத்துப் பார்க்கலாம். ஆளும் வாசகமும் இதற்காக உண்டாக்கியவை.

மலர்விழி, இரா. [@பயனர்பெயர்]. (2017, ஜனவரி 18). மெரினா வர்றவங்க தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாங்க. குப்பைய கைல இருக்க பைல போடுங்க 🙏 #ஜல்லிக்கட்டு [படம் இணைக்கப்பட்டுள்ளது] [ட்வீட்]. ட்விட்டர். (இங்கே முழு இணைப்பு)

கட்டுரைக்குள் காட்டும்போது (மலர்விழி, 2017) என்றால் போதும். பயனர் பெயர் அங்கே வரத் தேவையில்லை. அதே ஆளின் அதே ஆண்டுப் பதிவுகள் பல இருந்தால் 2017அ, 2017ஆ என்று பிரித்து, பட்டியலிலும் அதே எழுத்தைப் போடுங்கள்.

மேலே ‘வர்றவங்க’, ‘கைல’ என்று இருப்பதை ‘வருகிறவர்கள்’, ‘கையில்’ என்று திருத்தும் ஆசை வரும். தமிழ்த் துறைகளில் அது கை அரிக்கும் ஆசை. திருத்தக் கூடாது. எழுதியவர் எழுதியது எழுதியபடி. டோர்சியின் முதல் ட்வீட்டில் தளத்தின் பெயரையே உயிரெழுத்துகளை விழுங்கித்தான் எழுதியிருக்கிறார். ஆங்கில ஆய்வேடுகள் அதை அப்படியேதான் போடுகின்றன. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, இரண்டு மூன்று ஆச்சரியக்குறி எல்லாமே சான்றின் உடம்பு. வேர்டின் தானியங்கித் திருத்தத்தை இந்தப் பகுதிக்கு நிறுத்தி வைப்பது நல்லது.

20 சொல் என்பதை இடைவெளியை வைத்து எண்ணுங்கள். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று சேர்த்து எழுதியிருந்தால் ஒரு சொல். ‘வந்து கொண்டு இருந்தார்கள்’ என்று பிரித்து எழுதியிருந்தால் மூன்று. இலக்கணப்படி எது சரி என்பது இங்கே பிரச்சினை இல்லை. ஒரு ஹேஷ்டேக், ஒரு இணைப்பு, ஒரு எமோஜி ஒவ்வொன்றும் ஒரு சொல்லாகக் கணக்கு. மேலே உள்ள ட்வீட்டில் அப்படிப் பார்த்தால் 13. எமோஜி அச்சில் வராவிட்டால் சதுர அடைப்புக்குள் [கூப்பிய கைகள் எமோஜி] என்று எழுதலாம். 2017 நவம்பர் வரை ட்வீட்டின் வரம்பு 140 எழுத்துதான். கொம்பும் கொக்கியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டதால் (‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து) அந்தக் காலத் தமிழ் ட்வீட் 20 சொல்லைத் தொடுவதே அரிது. பெரும்பாலும் முழு ட்வீட்டும் தலைப்பாக வந்துவிடும். ஃபேஸ்புக்கின் நீளப் பதிவுகளில்தான் 20 இல் நிறுத்த வேண்டியிருக்கும்.

ஃபேஸ்புக்குக்கும், பயனர் பெயர் நீங்கலாக, இதே அச்சுதான். சதுர அடைப்பில் [நிலைத்தகவல்], பின்னர் தளத்தின் பெயர் ஃபேஸ்புக். முகநூல் என்று எழுதுவதானால் ஆய்வேடு முழுக்க முகநூல் என்றே எழுதுங்கள். ட்விட்டர் 2023 ஜூலையில் எக்ஸ் ஆனது. அதற்குப் பிறகு எழுதப்பட்டவற்றுக்கு [பதிவு], எக்ஸ் என்று போடுங்கள். 2017 பதிவுகளுக்கு [ட்வீட்], ட்விட்டர் என்பதே என் சிபாரிசு. எழுதப்பட்ட நாளில் அதன் பெயர் அதுதானே.

பார்த்த நாளை எல்லாவற்றுக்கும் போடுவது பழைய பழக்கம். ஏபிஏ ஏழாம் பதிப்பில், உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கக்கூடிய பக்கங்களுக்குத்தான் அது வேண்டும்: ஒருவருடைய சுயவிவரப் பக்கம், இன்ஸ்டாகிராம் ஹைலைட் போன்றவை. அவற்றில் தேதி இடத்தில் ‘தேதி இல்லை’ என்று போட்டு, இணைப்புக்கு முன்னால் பார்த்த நாளைச் சொல்வது முறை. தேதியுள்ள தனிப் பதிவுக்குத் தேவையில்லை. ஆனால் உங்கள் சொந்த அட்டவணையில் எல்லாவற்றுக்கும் இருக்கட்டும்.

பெயர்தான் தமிழில் பெரிய தலைவலி. மேற்கோள் முறைகள் எல்லாம் குடும்பப் பெயர் உள்ள சமூகங்களுக்காகச் செய்தவை. ஃபேஸ்புக்கில் ‘மலர்விழி இராமசாமி’ என்று இருந்தால், ஜோட்டிரோ போன்ற மேற்கோள் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ‘இராமசாமி, ம.’ என்று பட்டியலில் தள்ளும். மகள் எழுதியதற்கு அப்பாவை ஆசிரியராக்கிவிட்டோம். ஜோட்டிரோவில் ஆசிரியர் பெட்டிக்குப் பக்கத்தில் பெயரை ஒரே புலமாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. தமிழ்ப் பெயர்களுக்கு அதை அழுத்திவிட்டு ‘மலர்விழி, இரா.’ என்று நீங்களே தட்டச்சு செய்யுங்கள். சமூக ஊடகப் பதிவுக்கு அதில் ‘ஃபாரம் போஸ்ட்’ என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, போஸ்ட் டைப் இடத்தில் ட்வீட் என்றோ நிலைத்தகவல் என்றோ எழுதினால் வடிவம் ஓரளவு சரியாக வரும். புனைபெயரில் எழுதுகிறவரைப் புனைபெயரிலேயே காட்டுங்கள். அவர் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அதை வெளியிடுவது உங்கள் வேலை இல்லை.

கணக்கு உண்மையானதா என்று பார்க்க நீல டிக்கை நம்பாதீர்கள். ட்விட்டரில் 2023 ஏப்ரலில் பழைய சரிபார்ப்பு டிக்குகள் நீக்கப்பட்டன; அதன் பிறகு அது பெரும்பாலும் சந்தா கட்டியதன் அடையாளம். அந்த நபரின் அல்லது அமைப்பின் சொந்த இணையதளத்திலிருந்து இந்தக் கணக்குக்கு இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நம்பகமான வழி.

எம்எல்ஏ முறையில் கேட்டால் (சட்டமன்ற உறுப்பினர் அல்ல, நவீன மொழிக் கழகத்தின் முறை, ஒன்பதாம் பதிப்பு 2021) சிறிய பதிவுக்கு முழு வாசகத்தையும் மேற்கோள் குறிக்குள் தலைப்பாகக் கொடுத்து, தளம், நாள் மாதம் ஆண்டு, இணைப்பு என்று முடிக்க வேண்டும். சிகாகோ முறை இந்த விஷயத்தில் தாராளம்: பெரும்பாலும் கட்டுரை வாக்கியத்திலோ அடிக்குறிப்பிலோ விவரத்தைச் சொன்னால் போதும், பட்டியலில் தனிப் பதிவு அரிதாகத்தான் வேண்டும் என்கிறது. தலைப்புக்குப் பதிலாக, பதிவின் தொடக்கத்திலிருந்து 160 எழுத்துகள் வரை போட அதன் 2017 பதிப்பும், 280 வரை போட 2024 பதிப்பும் அனுமதிக்கின்றன. எதை எடுத்தாலும் ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

யூட்யூபில் ஆசிரியர் என்பவர் வீடியோவை ஏற்றியவர். அதில் பேசுகிறவர் அல்ல. ஒரு செய்தி சேனல் ஏற்றிய பேட்டி என்றால் ஆசிரியர் இடத்தில் சேனல். பேசியவர் பெயர் உங்கள் வாக்கியத்தில் வரும். தலைப்பு வீடியோவின் தலைப்பே, பிறகு [வீடியோ]. மேற்கோள் காட்டும் இடத்தை நிமிடக் கணக்கில் சொல்லுங்கள்: (சேனல் பெயர், 2017, 3:42). ஒரு மணி நேர வீடியோவில் எங்கே என்று சொல்லாதது, பக்க எண் இல்லாமல் புத்தகத்தைக் காட்டுவது போல. கமெண்ட்களுக்கு யூட்யூப் சரியான தேதியைக் காட்டாது, ‘8 ஆண்டுகளுக்கு முன்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும். அதனால் கமெண்ட்களைத் தனிச் சான்றாக நிறுத்தாமல் தரவாகப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

வாட்ஸ்அப் செய்தி, நண்பர்களுக்கு மட்டுமான ஃபேஸ்புக் பதிவு, 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரி ஆகிய மூன்றுக்கும் பொதுவானது, படிக்கிறவர் போய்ப் பார்க்க வழியில்லை என்பது. ஏபிஏ இவற்றைத் தனிப்பட்ட தகவல்தொடர்பு என்று கொள்கிறது: கட்டுரைக்குள் (இரா. மலர்விழி, தனிப்பட்ட தகவல்தொடர்பு, ஜனவரி 18, 2017) என்று காட்டுவதோடு சரி, துணைநூற்பட்டியலில் வராது. சுற்றில் வந்த ஃபார்வர்டுக்கு இதுவும் பொருந்தாது. அனுப்பியவர் எழுதியவர் இல்லை. ‘இப்படி ஒரு செய்தி இந்தக் காலத்தில் சுற்றியது’ என்பதற்குத்தான் அது தடயம். அதில் சொல்லியிருக்கும் தகவலுக்குச் சான்று ஆகாது. படத்தைப் பின்னிணைப்பில் சேர்த்து, எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று எழுதுங்கள். மற்றவர்களின் எண்களையும் முகப்புப் படங்களையும் மறைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும்.

வடிவ விதிகள் பெயரைப் போடு என்கின்றன. ஆய்வு அறம் சில இடங்களில் போடாதே என்கிறது. இணைய ஆய்வாளர் சங்கத்தின் 2019 அறநெறி வழிகாட்டியும், பொதுவில் கிடைக்கிறது என்பதாலேயே எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஆகாது என்ற பக்கம்தான் நிற்கிறது. அரசியல்வாதி, நடிகர், அமைப்பின் அதிகாரபூர்வக் கணக்கு என்றால் தயங்காமல் பெயரோடு காட்டுங்கள். பதினெட்டு வயதில் ஆவேசமாக நாலு வரி எழுதிய ஒருவர் இன்று அரசு வேலையில் இருக்கலாம். அவர் பெயரை மட்டும் நீக்கிவிட்டு வாசகத்தை அப்படியே போட்டால் மறைத்ததாக ஆகாது. அந்த வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் கணக்கு வந்து நிற்கும். பேச்சுத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டுவதால் நம் பதிவுகள் இன்னும் எளிதாகச் சிக்கும். செய்தி அனுப்பி அனுமதி கேட்டு அந்தப் பதிலைப் பாதுகாத்து வையுங்கள்; முடியாவிட்டால் கருத்தை உங்கள் நடையில் சொல்லி ‘பதிவர் 7’ என்று குறியுங்கள். மேற்கோள் வேண்டும், அனுமதியும் இல்லை என்றால் அந்த மேற்கோளை விடுவதுதான் வழி.

பெயரை மறைப்பது வேறு, பெயரைச் சொல்லாமல் எடுத்துக்கொள்வது வேறு. ‘ஃபேஸ்புக்கில் வந்ததுதானே’ என்று ஒருவருடைய அலசலைச் சொந்த வாக்கியமாக்கினால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 கருத்துத்திருட்டு விதிகளின்படி அதுவும் திருட்டே. உரிய குறிப்போடு எடுத்தாண்ட மேற்கோள்கள், அந்த விதிகள் பார்க்கும் ஒற்றுமை விழுக்காட்டுக் கணக்கில் சேராது.

சான்றாகக் காட்டிய பதிவு அழிந்துவிட்டது தெரியவந்தால், வேபேக் நகல் இருந்தால் அதன் முகவரியை இணைப்பு இடத்தில் போடுங்கள். உங்களிடம் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கிறது என்றால் பின்னிணைப்பில் சேர்த்து, ‘இந்த நாளில் பார்த்தது, இப்போது நீக்கப்பட்டுள்ளது’ என்று குறிப்பெழுதலாம். தனிமனிதர் தானாகவே விரும்பி அழித்திருந்தால், அதைத் தூக்கி நிறுத்துவது தேவைதானா என்று ஒருமுறை யோசியுங்கள். அமைச்சர் அழித்திருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. அழித்தார் என்பதே ஆய்வுக்கு உரியது.

கடைசியாக, தட்டச்சு. இன்னும் பல இடங்களில் ஆய்வேடு பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாகிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைக்கும் எழுத்துரு. அதற்குள் இணைப்பை ஒட்டினால் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் எடுத்த ஹேஷ்டேக்கும் எமோஜியும் கட்டங்களாக மாறலாம். ஒவ்வொரு இணைப்பையும் தேர்ந்தெடுத்துத் தனியாக ஆங்கில எழுத்துருவுக்கு மாற்ற வேண்டும். பாமினியில் முடித்த கோப்பை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினால் நிலைமை இன்னும் மோசம்: இணைப்புகளும் சேர்ந்து நிஜமாகவே தமிழ்க் குப்பையாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது. தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் அடிப்பது உத்தமம். ஏற்கெனவே பாமினியில் முக்கால்வாசி வந்துவிட்டீர்கள் என்றால், துணைநூற்பட்டியலை மட்டும் தனிக் கோப்பாக யூனிகோடில் வைத்துக்கொண்டு அச்சுக்குப் போகும்போது சேருங்கள். நீளமான இணைப்பு வரி மடங்கும் இடத்தில் சிறு கோடு எதையும் நுழைக்க வேண்டாம். படிக்கிறவர் அதையும் முகவரியின் பகுதி என்று தட்டுவார். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன், அச்சான தாளைப் பார்த்து நாலைந்து இணைப்புகளைக் கையால் தட்டித் திறந்து பாருங்கள்.